படத்தின் பின்பக்கம் எங்கே?

இவ்வாண்டுத் தைப்பூசத்தன்று பிற்பகலில் டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயிலில் ஒரு படம் எடுத்தேன். தோழியின் அண்ணன் காவடியை இறக்கி வைத்துவிட்டு நிற்கிறார். அவருடைய அம்மா முந்தானையால் அவர் நெற்றியைத் துடைத்துவிடுகிறார். அவ்வளவுதான் படம். இருவரிடமும் கேட்டுவிட்டு, அன்றிரவு எட்டு மணிக்குத் தோழிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன்.

மறுநாள் காலை பத்து மணிக்குள் அதே படம் ஜோகூர் பாருவில் இருக்கும் என் அத்தையிடமிருந்து எனக்கே திரும்பி வந்தது. மேலே, பலமுறை பகிரப்பட்டது என்ற குறிப்பு. அதற்குக் கீழே யாரோ சேர்த்த 'பத்துமலை முருகனுக்கு அரோகரா' என்ற வரி. அதற்கும் கீழே அத்தையின் செய்தி: "எவ்ளோ அருமையா எடுத்திருக்காங்க பாரு. நீயும் இப்படி எடுக்கக் கத்துக்கணும்மா."

சிரிப்பு வந்தது. பதில் எழுதியதும் அத்தைக்கும் சிரிப்பு. ஆனால் பதினான்கு மணி நேரத்தில் அந்தப் படம் எவ்வளவு தொலைத்திருந்தது என்று யோசித்துப் பாருங்கள். எடுத்தவர் பெயர் போனது. மகன் பெயரும் அம்மா பெயரும் போயின. சிங்கப்பூர்கூடப் போய், அது மலேசியப் படமாகிவிட்டது. முகங்கள் மட்டும் மிஞ்சின.

நான் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு மாணவி. என் பாடத்துக்கும் புகைப்படக் கலைக்கும் தொடர்பில்லை. தொடக்கக் கல்லூரி முடித்த கையோடு, பகுதிநேர வேலையில் சேர்த்த 900 வெள்ளியைக் கொண்டுபோய் பெனின்சுலா கடைத்தொகுதியில் கைமாறிய கேமரா ஒன்றை வாங்கினேன். அன்றிலிருந்து தமிழ் மன்ற நிகழ்ச்சி, சமூக மன்றப் பொங்கல், உறவினர் வீட்டு நிச்சயதார்த்தம், பழக்கமானவர்களின் அரங்கேற்றம் என்று சனி ஞாயிறுகள் போய்க்கொண்டிருக்கின்றன. சிலர் பணம் தருவார்கள். பலர் சாப்பாடு போடுவார்கள்.

வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குப் புகைப்படக்காரர் என்றால் கண்ணை இடுக்கிக்கொண்டு நிற்பவர். உண்மையில் என் நேரத்தில் பெரும்பகுதி நாற்காலியில்தான் கழிகிறது. மூன்று மணி நேர நிகழ்ச்சியில் எண்ணூறு படங்கள் சேரும். அவற்றில் நூற்றிருபதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கண்மூடியவர்களை நீக்க வேண்டும், வண்ணம் திருத்த வேண்டும். பிறகு ஒவ்வொரு தளத்துக்கும் ஏற்றபடி வெட்ட வேண்டும். இருபது பேர் வரிசையாக நிற்கும் குழுப்படத்தைத் திறன்பேசித் திரைக்கேற்ப நிமிர்ந்த செவ்வகமாக வெட்டினால் ஓரத்தில் நிற்பவர்கள் பலி. 2025 ஜனவரியில் இன்ஸ்டகிராம் தன் பக்கங்களிலிருந்த சதுரக் கட்டங்களை உயரமான கட்டங்களாக மாற்றியது. சதுரத்தை நினைத்துப் பார்த்துப் பார்த்து வெட்டிய முகப்புப் படங்களின் ஓரங்கள் ஒரே நாளில் காணாமல்போயின. யாரைக் கேட்பது? நம் படம்தான், ஆனால் சுவர் அவர்களுடையது.

இவையெல்லாம் எரிச்சல்கள், பழகிவிடும். எனக்குப் பழகாதது பெயர் உதிர்வதுதான்.

முப்பத்திரண்டு பைட்டுக்குள் ஒரு பெயர்

கணினியில் ஒரு படக்கோப்பைத் திறந்தால் படம் மட்டும்தான் தெரியும். அதற்குள்ளேயே ஒளிந்திருக்கும் குறிப்புகளும் உண்டு. எந்தக் கேமரா, எந்த வில்லை, எத்தனை மணிக்கு, துளை எவ்வளவு திறந்திருந்தது என்பவற்றைக் கேமராவே எழுதிவிடும். இதற்கு எக்சிஃப் என்று பெயர். எடுத்தவர் பெயர், படத்தில் இருப்பவர்கள், இடம், விளக்கம் முதலியவற்றை நாம் எழுதிச் சேர்க்க ஐபிடிசி என்ற இன்னொரு முறை இருக்கிறது. செய்தி நிறுவனங்கள் படங்களைப் பரிமாறிக்கொள்வதற்காக 1990களில் வகுத்தது அது.

என் கேமராவின் அமைப்புப் பட்டியலில் 'எடுத்தவர் பெயர்' என்று ஓர் இடம் இருக்கிறது. ஆங்கில எழுத்துகள், எண்கள், சில குறியீடுகள் ஆகியவற்றைத் தவிர வேறு எதையும் அது ஏற்காது. அந்தக் கேமராவின் குறை மட்டுமன்று அது. எக்சிஃப் தரநிலையிலேயே எடுத்தவர் பெயருக்கான இடம் ஆங்கில எழுத்துகளுக்கென்றே வகுக்கப்பட்டிருந்தது. 2023இல் வெளிவந்த மூன்றாம் பதிப்பில்தான் உலக மொழிகளுக்கு வழி திறந்தார்கள்.

ஐபிடிசியின் பழைய முறையில் நிலைமை இன்னும் வேடிக்கை. அதில் எடுத்தவர் பெயருக்கு ஒதுக்கிய இடம் 32 பைட்டு. ஆங்கிலத்தில் ஓர் எழுத்துக்கு ஒரு பைட்டு போதும். இன்று எங்கும் புழங்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட்டு வேண்டும். இங்கே 'குறி' என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. நாம் ஓர் எழுத்து என்று படிக்கும் 'சு' கணினிக்கு இரண்டு குறிகள். சகரம் ஒன்று, அதனோடு ஒட்டும் உகரக் கொக்கி இன்னொன்று. புள்ளியும் தனிக் குறிதான்.

'சுப்பிரமணியம்' என்ற பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். குறிகளை எண்ணினால் பதின்மூன்று வரும். பதின்மூன்று மூன்று முப்பத்தொன்பது. 32 பைட்டில் அடங்காது. அதே பெயரை ஆங்கிலத்தில் எழுதினால் பதினோரு எழுத்து, பதினோரு பைட்டு. கால்நீட்டிப் படுத்துக்கொள்ளலாம். மீனாட்சி தப்பித்துவிடுவார், 24 பைட்டுதான். ஆனால் அவரும் தந்தை பெயரை முன்னால் சேர்த்தால் வாலை இழப்பார்.

2001இல் அடோபி நிறுவனம் கொண்டுவந்த எக்ஸ்எம்பி முறையில் இந்த நெருக்கடி இல்லை. எந்த மொழியிலும், எவ்வளவு நீளமாகவும் எழுதலாம். என் படங்களின் விளக்கங்களை இப்போது அதில்தான் தமிழில் எழுதுகிறேன். ஆக, தமிழுக்கு ஒருவழியாக இடம் கிடைத்துவிட்டது. கிடைத்த இடம் எங்கே போய் முடிகிறது தெரியுமா? வாட்ஸ்அப்பில் வழக்கமான முறையில் படத்தை அனுப்பியதும் அந்தக் குறிப்புகள் துடைக்கப்படுகின்றன.

அத்தை எனக்குத் திருப்பி அனுப்பிய படத்தைக் கணினியில் போட்டுப் பார்த்தேன். என் கேமராவில் 6,000க்கு 4,000 படப்புள்ளிகளாக இருந்தது, நீளப் பக்கம் 1,600 ஆகச் சுருங்கியிருந்தது. அதைக்கூட மன்னித்துவிடலாம், திறன்பேசித் திரைக்கு அது தாராளம். குறிப்புகள் இருந்த இடம்தான் மொட்டையாக இருந்தது.

செயலிகள் துடைப்பதற்கு நியாயமான காரணமும் இருக்கிறது. திறன்பேசியில் எடுக்கும் படத்தில் அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகைகூடப் பதிவாகலாம். வீட்டு வரவேற்பறையில் குழந்தை தவழும் படத்தை அனுப்பினால், வீடு எந்தப் புளோக் என்பதையும் சேர்த்து அனுப்பியதாகிவிடும். அதை நீக்குவது நல்லதுதான். என் கேள்வி, வீட்டு முகவரியையும் மனிதர் பெயரையும் ஒரே துணியால் ஏன் துடைக்க வேண்டும் என்பதே. இரண்டும் தனித்தனி இடங்களில்தான் எழுதப்பட்டிருக்கின்றன. ஒன்றை விட்டு ஒன்றை நீக்குவது பொறியாளர்களுக்குப் பெரிய வேலையாக இருக்க முடியாது.

இப்போதைக்கு ஒரு வழி உண்டு. படத்தைப் 'படம்' என்று அனுப்பாமல் 'ஆவணம்' என்று இணைத்து அனுப்பினால் கோப்பு அப்படியே போகும். குறிப்புகளும் கூடவே போகும். வீட்டில் எடுத்த படம் என்றால் இருப்பிடத் தகவலை முதலில் நீக்கிவிட்டு அனுப்புங்கள்.

பாட்டியின் ஆல்பம்

இந்தக் கோபம் எனக்கு எங்கிருந்து வந்தது என்று யோசித்தால், ஈசூனில் பாட்டி வீட்டு அலமாரியில் இருக்கும் பச்சை அட்டை ஆல்பத்தில் போய் நிற்கிறது. தாத்தா செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்தவர். பிரிட்டிஷ் படைகள் 1971இல் வெளியேறும்வரை நம்மவர்கள் பலருக்கு அந்தத் தளம்தான் சோறு போட்டது. ஆல்பத்தில் உள்ள ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தில் ஏழு ஆண்கள் நிற்கிறார்கள். அரைக்கைச் சட்டை, நன்றாக எண்ணெய் வைத்து வாரிய தலை. யாரும் சிரிக்கவில்லை.

படத்தைத் திருப்பினால், நீல மையில் தாத்தாவின் கையெழுத்து. '1967 பொங்கல், செம்பவாங்' என்ற ஒரு வரி. அதன் கீழே இடமிருந்து வலமாக ஐந்து பெயர்கள். மீதி இரண்டு ஈரம் பட்டு நீலக் கறையாகிவிட்டன.

"இது யாரு பாட்டி?"

"கடைசில நிக்கிறவரு நம்ம வீட்டுக்கு வருவாரு. கேரம் ஆடுவாரு. அவுக பேரு... வாய் வரைக்கும் வருது பாப்பா."

அது வாய்வரை மட்டும்தான் வந்தது. இரண்டு வாரம் கழித்து, மீன் நறுக்கிக்கொண்டிருந்தபோது பாட்டிக்குத் திடீரென்று ஞாபகம் வந்து எனக்குத் தொலைபேசியில் அழைத்தார். ஆறாமவருக்குப் பெயர் கிடைத்தது. நடுவில் நிற்கும் ஏழாமவர் யார் என்பதைச் சொல்ல இப்போது யாருமில்லை.

நான் அந்த ஆல்பத்தை மின்னிலக்கமாக்கியபோது ஒவ்வொரு படத்துக்கும் இரண்டு கோப்பு வைத்தேன். முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று. உங்கள் வீட்டிலும் இந்த வேலையைச் செய்கிறீர்கள் என்றால் பின்பக்கத்தை விட்டுவிடாதீர்கள். கடைகளில் கொடுத்தால் பெரும்பாலும் முன்பக்கத்தை மட்டும் எடுத்துத் தருவார்கள்.

இந்தச் சிக்கல் வீட்டு ஆல்பங்களுக்கு மட்டும் உரியதன்று. தேசிய ஆவணக் காப்பகத்திலும் விவரம் போதாத பழைய படங்கள் இருக்கின்றன. 2015இல் அது தொடங்கிய 'குடிமக்கள் ஆவணக் காப்பாளர்' திட்டத்தில் பொதுமக்கள் இணையத்தில் படங்களைப் பார்த்து, தெரிந்த இடத்தையும் ஆட்களையும் எழுதிச் சேர்க்கலாம். ஓய்வு நேரத்தில் தாத்தா பாட்டியோடு உட்கார்ந்து அதைத் திறந்து பாருங்கள். அவர்களுக்கு மட்டும் தெரிந்த தெருக்கள் அங்கே இருக்கக்கூடும்.

சட்டம் என்ன சொல்கிறது?

சென்ற ஆண்டு நான் எடுத்த பரதநாட்டியப் படம் ஒன்று, எனக்குத் தெரியாமல் ஒரு துணிக்கடையின் தீபாவளி விளம்பரத்தில் வந்தது. ஆடியவர் உயர்நிலை மூன்றில் படிக்கும் பெண். படத்தின் அடியில் சிறிதாகப் போட்டிருந்த என் பெயர் இருந்த பட்டை நேர்கோட்டில் வெட்டப்பட்டிருந்தது. முதலில் பார்த்தவர் அந்தப் பெண்ணின் அம்மா. தேக்காவில் யாரோ கையில் திணித்த துண்டுப் பிரசுரத்தில் மகளின் முகத்தைப் பார்த்து அதிர்ந்துபோய் என்னை அழைத்தார். நான் விற்றுவிட்டேன் என்று நினைத்திருக்கிறார்.

கடையை அழைத்தேன். பேசியவர் மரியாதையாகத்தான் பேசினார்.

"தங்கச்சி, இது நெட்ல கெடச்ச படம். அதுல யாரு பேருமே இல்லையே. பேரு இருந்தா நாங்க கேட்டிருப்போம்ல?"

பெயரை வெட்டியது அவர்களா, அவர்களுக்கு முன்னால் பகிர்ந்த யாரோ ஒருவரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆனால் பெயர் இல்லாத படத்தை யாருக்கும் சொந்தமில்லாத படமாகவே மக்கள் பார்க்கிறார்கள் என்பதை அன்றுதான் அவ்வளவு தெளிவாகக் கேட்டேன்.

தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டிய விவரம் ஒன்று இருக்கிறது. சிங்கப்பூரின் புதிய பதிப்புரிமைச் சட்டம் 2021 நவம்பர் 21இல் நடப்புக்கு வந்தது. அதற்குமுன், ஒருவர் பணம் கொடுத்துப் படம் எடுக்கச் சொன்னால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை பதிப்புரிமை பணம் கொடுத்தவருக்குப் போகும். புதிய சட்டம் அதைத் திருப்பிப்போட்டது. ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதவில்லை என்றால் எடுத்தவருக்கே உரிமை. நிறுவனத்தில் ஊழியராக இருந்து வேலையின் பகுதியாக எடுத்தால் மட்டும் பொதுவாக அது முதலாளிக்கு உரியது.

இன்னொன்றும் அந்தச் சட்டத்தில் புதிது. ஒருவர் படைப்பைப் பொதுவில் பயன்படுத்துவோர் படைத்தவர் யார் என்று தெளிவாகக் குறிப்பிட வேண்டும். சில விதிவிலக்குகள் உண்டு. முன்பெல்லாம் வேறொருவர் பெயரைப் பொய்யாகப் போடுவதைத்தான் தடுக்க முடிந்தது. பெயரே போடாமல் விட்டால் சட்டத்தைக் காட்டிக் கேட்க வழி இல்லை.

பகுதிநேரமாகப் படம் எடுக்கும், காணொளி தயாரிக்கும் மாணவர்கள் நம்மில் நிறையப் பேர் இருக்கிறோம். வேலை ஒப்புக்கொள்ளும்போது வரும் குறுஞ்செய்தியை முழுதாகப் படியுங்கள். 'படங்கள் அனைத்தும் எங்களுக்கே சொந்தம்' என்ற ஒரு வரி நடுவில் ஒளிந்திருக்கலாம். அதற்கு 'ஓகே' என்று கட்டைவிரல் காட்டுவதற்குமுன் ஒரு நிமிடம் யோசிக்கலாம்.

இவ்வளவு சட்டத்தையும் படித்துவைத்துக்கொண்டு அந்த அம்மாவிடம் போனேன். இழப்பீடு கேட்கலாம் என்றேன். அவர் கேட்டது ஒன்றைத்தான். "காசு வேணாம்மா. படத்த எடுத்துடச் சொல்லு." கடைக்காரர்கள் இணையத்திலிருந்து அன்றே நீக்கினார்கள். அச்சடித்து விநியோகித்தவற்றை என்ன செய்வது?

நான் எதிர்பாராதது பிறகு நடந்தது. அதே நிகழ்ச்சியின் மலர் இரண்டு மாதம் கழித்து வெளிவந்தது. அதே படம் முழுப்பக்கத்தில். கீழே, 'நாட்டியமாடும் மாணவி' என்று மட்டும் போட்டிருந்தார்கள். நான் எழுதிக் கொடுத்திருந்த பெயர், பக்கத்தில் இடமில்லை என்று அச்சுக்குப் போகுமுன் நீக்கப்பட்டிருந்தது. இந்த முறையும் அந்த அம்மா என்னை அழைத்தார். "ஆறு வருஷம் கத்துக்கிட்டு ஆடுனா. பேரு போட ஒரு வரி இல்லையா?" குரலில் துணிக்கடை விஷயத்தின்போது இருந்ததைவிட அதிக வருத்தம்.

விளம்பரத்தில் மகளின் முகம் வேண்டாம் என்றவரும் மலரில் மகளின் பெயர் வேண்டும் என்றவரும் ஒரே ஆள். அதில் எனக்கு முரண்பாடு தெரியவில்லை. விளம்பரத்தில் அந்தப் பெண் ஒரு சேலைக்குப் பொம்மை. மலரில் அவள் ஆறு வருடம் உழைத்த ஆட்டக்காரி. பெயரைப் போடாததால் மலரும் அவளைப் பொம்மையாக்கிவிட்டது. அனுமதி வாங்குவது, பெயர் போடுவது ஆகிய இரண்டையும் ஒரே மரியாதையின் இரண்டு பாதியாக நான் பார்க்கத் தொடங்கியது அதன்பிறகுதான்.

ஹெய்த்தியிலிருந்து ஒரு வழக்கு

பெயர் உதிர்வது மாணவர்களின் சின்னச் சிக்கல் என்று நினைத்துவிட வேண்டாம். 2010 ஜனவரி 12இல் ஹெய்த்தியின் தலைநகர் நிலநடுக்கத்தில் இடிந்தபோது டேனியல் மோரெல் என்ற புகைப்படக் கலைஞர் அங்கேயே இருந்தார். எடுத்த படங்களை அன்றே டுவிட்டரில் பகிர்ந்தார். சற்று நேரத்தில் இன்னொருவர் அவற்றைத் தம்முடையவைபோல் தம் கணக்கில் போட்டுக்கொண்டார். ஏஎஃப்பி செய்தி நிறுவனம் படங்களை எடுத்து, அந்த இன்னொருவர் பெயரில் உலகெங்கும் அனுப்பியது. கெட்டி நிறுவனமும் விநியோகித்தது.

'டுவிட்டரில் போட்டாலே எல்லாரும் எடுத்துக்கொள்ளலாம்' என்ற வாதத்தை நியூயார்க் நீதிமன்றம் ஏற்கவில்லை. 2013 நவம்பரில் நடுவர் குழு மோரெலுக்கு சுமார் 1.2 மில்லியன் அமெரிக்க டாலர் வழங்கத் தீர்ப்பளித்தது. கிட்டத்தட்ட நான்கு ஆண்டு அவர் போராட வேண்டியிருந்தது. இடிபாடுகளுக்கு நடுவே நின்று எடுத்த தொழில்முறைக் கலைஞரின் பெயரே சில மணி நேரத்தில் மாறிவிட்டது என்றால் நம் கதை என்ன?

'இது ஏஐ-தானே?'

இப்போது புதிதாக ஒன்று சேர்ந்திருக்கிறது. தீமிதித் திருவிழாவில் நான் எடுத்த ஒரு படத்தின் கீழ் என் சித்தப்பா மகன் 'அக்கா, இது ஏஐ-தானே' என்று எழுதினான். விளையாட்டுக்கு இல்லை, உண்மையாகவே கேட்டான். கேமரா முதலில் பதிவுசெய்யும், திருத்தப்படாத மூலக்கோப்பை அவனுக்குத் திறந்து காட்டினேன். நம்பினான். எல்லாரிடமும் மூலக்கோப்பைத் தூக்கிக்கொண்டு போக முடியுமா?

இந்தக் குழப்பம் இரு திசையிலும் ஓடுகிறது. 2023இல் சோனி உலகப் புகைப்பட விருதில் ஒரு பிரிவில் வென்ற ஜெர்மானியர் போரிஸ் எல்டாக்சன், தம் படம் செயற்கை நுண்ணறிவால் உருவானது என்று சொல்லிப் பரிசை மறுத்தார். மறு ஆண்டு மைல்ஸ் ஆஸ்ட்ரே என்பவர் தலை தெரியாமல் நிற்கும் ஒரு பூநாரையை உண்மையாகவே படமெடுத்து, ஒரு போட்டியின் செயற்கை நுண்ணறிவுப் பிரிவுக்கு அனுப்பிப் பரிசும் வாங்கினார். உண்மையைச் சொன்னதும் அவரைத் தகுதிநீக்கம் செய்தார்கள்.

ஒரு படம் எங்கே, எதனால் உருவானது, யார் திருத்தியது என்பதைக் கோப்பிலேயே மின்கையொப்பமாகப் பதிக்கும் தரநிலைக்காக 2021இல் சி2பிஏ என்ற கூட்டமைப்பு தொடங்கப்பட்டது. அந்த வசதியோடு முதலில் வெளிவந்த கேமரா 2023இன் லைக்கா எம்11-பி. அதன் விலைக்கு என் கேமராவைப் போல் எத்தனை வாங்கலாம் என்று கணக்குப் போட்டுவிட்டு அந்தப் பக்கத்தை மூடிவிட்டேன். மலிவான கேமராக்களுக்கும் அந்த வசதி வரட்டும், சந்தோஷம். ஆனால் அதுவும் கோப்புக்குள் எழுதும் குறிப்புதான். துடைக்கும் செயலிகள் துடைத்துக்கொண்டே இருந்தால்?

நம் 2021 சட்டத்திலேயே எனக்கு உறுத்தும் பிரிவு ஒன்றும் உண்டு. சட்டபூர்வமாக அணுகக் கிடைக்கும் படைப்புகளைக் கணினிவழித் தரவுப் பகுப்பாய்வுக்காக நகலெடுக்க அது அனுமதிக்கிறது. வர்த்தக நோக்கத்துக்கும் அது பொருந்தும். 'என் படத்தை அதற்குப் பயன்படுத்தாதே' என்று ஒப்பந்தத்தில் எழுதினாலும் செல்லாது. ஆராய்ச்சிக்கும் புத்தாக்கத்துக்கும் இது தேவை என்கிறார்கள். கணினித்துறையில் படிக்கும் என் நண்பர்கள் அதைத்தான் சொல்கிறார்கள். தமிழுக்கும் தமிழர் முகங்களுக்கும் நல்ல தரவு இல்லாவிட்டால் நாளைய கருவிகள் நம்மைப் புரிந்துகொள்ளாது என்ற அவர்கள் வாதத்தை என்னால் தள்ளிவிட முடியவில்லை. ஆனாலும் அந்த நாட்டியப் பெண்ணின் அம்மாவிடம் இந்தப் பிரிவை எப்படி விளக்குவது என்று எனக்குத் தெரியவில்லை.

ணகரமா, னகரமா?

இப்போது நிகழ்ச்சிக்குப் போகும்போது கேமராப் பையில் ஒரு சிறிய குறிப்பேடும் இருக்கும். எடுத்தவுடன் பெயர் கேட்டு எழுதிக்கொள்கிறேன். ஆங்கிலத்தில் கேட்டால் உடனே சொல்வார்கள். தமிழில் எப்படி எழுத வேண்டும் என்று கேட்டால்தான் வேடிக்கை. "மூணு சுழியா ரெண்டு சுழியா தெரியல, இரு, அம்மாவுக்கு மெசேஜ் பண்றேன்" என்பார்கள். பல்கலைக்கழக மாணவர்கள்! நான் சிரிக்கமாட்டேன். சாதாரண நிலைத் தேர்வு முடிந்த பிறகு நானும் பல மாதம் தமிழில் ஒரு வரி தட்டச்சு செய்யாமல் இருந்தவள்தான். இன்று ஓர் இரவில் அறுபது படங்களுக்குத் தமிழில் விளக்கம் எழுதுகிறேன். மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய செல்லினத்தின் தயவால் எம்ஆர்டியில் நின்றுகொண்டே பாதி வேலை முடிந்துவிடும்.

கோப்புகளுக்குப் பெயர் வைப்பதிலும் பிடிவாதம் வந்துவிட்டது. கேமரா தரும் நான்கு இலக்க எண்ணை விட்டுவிட்டு, தேதி, இடம், நிகழ்ச்சி என்று வரிசையாகப் போடுகிறேன். குறிப்புகளைத் துடைக்கும் செயலிக்கும் தெரியாத பழைய வித்தை ஒன்றும் இருக்கிறது. விவரத்தைப் படத்தின் மேலேயே, கீழே ஒரு வெள்ளைப் பட்டை விட்டு, எழுத்தாக அச்சிட்டுவிடுவது. அழகு கொஞ்சம் குறையும். வெட்ட நினைப்பவர் வெட்டலாம்தான். ஆனால் அதற்குக் கத்தியை எடுக்க வேண்டும், தானாக உதிராது. தைப்பூசப் படத்தை அந்தப் பட்டையோடு அத்தைக்கு மறுபடியும் அனுப்பினேன். அத்தை அதைத் தம் குழுக்களில் எல்லாம் பகிர்ந்துவிட்டார். பத்துமலை திருத்தப்பட்டது. ஆனால் இரண்டாவது படம் முதல் படத்தைத் துரத்திப் பிடித்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

ஏப்ரல் மாதத் தமிழ்மொழி விழாவுக்காக எங்கள் மன்றம் நடத்திய நாடகத்தின் படங்களை இந்த வாரம் அடுக்கிக்கொண்டிருக்கிறேன். மேடையில் நடித்தவர்கள் பெயரெல்லாம் இருக்கிறது. மேடைக்குப் பின்னால் ஒளி, ஒலி பார்த்தவர்கள், வாழை மரம் கட்டியவர்கள், மோர் கலக்கிய இரண்டு ஆன்ட்டிகள் என்று இன்னும் ஒன்பது முகங்களுக்குப் பெயர் தெரியவில்லை. ஆன்ட்டிகள் இருவரும் மன்றத் தலைவியின் புளோக்கில் இருப்பவர்களாம். சனிக்கிழமை மாலை போய்க் கேட்பதாக இருக்கிறேன். அச்சிட்ட படங்களையும் எடுத்துச் செல்கிறேன். பின்பக்கத்தில் அவர்களையே எழுதச் சொல்லலாம்.